புல்வெளியில் படவேட்டை

‘சபாரி’ என்னும் சொல் இன்று உலகமெங்கும் பரவிவிட்டது. விலங்குக் காட்சிசாலைக்கும், ஒருவகைச் சட்டைக்கும், மோட்டார் வண்டிக்குங்கூட அப்பெயரை இட்டு வழங்குகின்றனர். ஆயினும் அச்சொல்லின் பிறப்புக்கும் விலங்குக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியின் ‘சஃபர்’ என்பதிலிருந்து அது வந்தது. அதே வேரிலிருந்து கிளைத்த ‘முசாபிர்’ என்னும் சொல் மலாய் மொழியில் வழிப்போக்கனைக் குறிக்கின்றது. தமிழ்நாட்டில் முன்னாளில் வழங்கிய ‘முசாபரி பங்களா’வும் அவ்வேரின் கிளையே. இந்துமாக்கடலின் மூன்று கரைகளில் ஒரே வேர் தளிர்த்திருப்பது சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய ஆசிரியர்க்கு இனிய செய்தியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சபாரி என்றால், கடற்கரை வணிகர் நூற்றுக்கணக்கான சுமையாட்களுடன் உள்நாட்டுக்குச் சென்று தந்தத்தோடும் அடிமைகளோடும் மீளும் நெடும்பயணமாகும். 1901ஆம் ஆண்டில் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை இருப்புப்பாதை எட்டியது. அதனை இட்டவர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுசெல்லப்பட்ட முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர். அவருள் பெரும்பாலோர் பஞ்சாபியர். பால்மரக் காட்டின் வரலாற்றை அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. பாதை வந்தபின் ஐரோப்பியச் செல்வரும் அமெரிக்கச் செல்வரும் துப்பாக்கியுடன் வந்திறங்கினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் பதவியை விட்டதும் தம் மகன் கெர்மிட்டுடன் அங்குச் சென்றார். தந்தையும் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அக்குழுவினர் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிலையத்துக்குச் சேர்த்த விலங்கு, பறவை, செடி முதலிய மாதிரிகளோ பதினோராயிரத்துக்கும் மேல். சபாரி என்னும் சொல்லை மேனாட்டு மக்கள் நாவில் நிலைக்கச் செய்தவற்றுள் அப்பயணம் ஒன்று.

வேட்டைக்காரர் வழக்கு இன்றும் அழியவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் ‘ஐம்பெரு விலங்குகள்’ என்று கூறி, அவற்றைக் கண்டு படமெடுத்துவிட்டால் பயணம் நிறைவுற்றது என்று எண்ணும் பயணிகள் பலர். இவ்வைந்தும் உருவத்தாற் பெரியன என்பதற்காகத் தொகுக்கப்பட்டவை அல்ல. காலால் நடந்து சென்று சுடுவோர்க்குப் பேரிடர் விளைப்பன என்று வேட்டைக்காரர் வகுத்த பட்டியல் அது. ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லாமற்போனதும் அதனாலேயே. ஆங்கிலத்தில் துப்பாக்கியாற் சுடுவதற்கும் காமிராவாற் படமெடுப்பதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குவதையும் இங்கு நினைவுகொள்ளலாம். காமிரா துப்பாக்கியின் மாற்றாந்தாய் மகவன்று. அதன் உடன்பிறப்பாகவே ஆப்பிரிக்கப் புல்வெளியில் நுழைந்தது.

இதற்குச் சான்று கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ் என்னும் செருமானியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாளில் செருமானியர் ஆட்சியிலிருந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதியில், இரவில் நடமாடும் விலங்குகளை முதன்முதல் வெற்றியுடன் படமெடுத்தவருள் அவர் தலையானவர். அவருடைய காமிராக்கள் கண்ணாடித் தகடுகள் கொண்டவை. ஒளிக்கு மக்னீசியப் பொடியைப் பயன்படுத்தினார். விலங்கு வரும் வழியில் ஒரு நூலைக் கட்டிவிடுவர். கால் பட்டதும் பொடி பற்றிப் பெருவெளிச்சம் எழும். அக்கணத்தில் தகட்டில் உருவம் பதியும். விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது எனலாம். சிங்கத்தை வரவழைக்க உயிருள்ள மாட்டைக் கட்டிவைத்ததும் உண்டு. அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழாக்கினால், ‘ஒளிவீச்சோடும் துப்பாக்கியோடும்’ என்று வரும். பகலில் சுட்டார், இரவில் படமெடுத்தார். இரண்டிலும் அவர் முரண்பாடு கண்டதாகத் தோன்றவில்லை.

செர்ரி கியர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் வேறு வகையினர். இவரும் இவர் தமையன் ரிச்சர்டும் இங்கிலாந்தில் பறவைகளைப் படமெடுப்பதற்காக, உள்ளே ஆள் புகுந்து நிற்கத்தக்க பொய்மாடு ஒன்றைத் தோலாற் செய்து வயலில் நிறுத்தியவர்கள். விலங்கு அஞ்சாதவாறு அருகில் இருப்பதே கலையின் முதற்படி என்பதை இவ்வுடன்பிறந்தார் கண்டிருந்தனர். பின்னர்ச் செர்ரி கியர்ட்டன் ஆப்பிரிக்காவுக்குச் சென்று ரூஸ்வெல்ட்டின் பயணத்தையே சலனப்படமாக்கினார். 1924 முதல் 1927 வரை மார்ட்டின் ஜான்சன், ஓசா ஜான்சன் என்னும் அமெரிக்கத் தம்பதியர் வடகென்யாவின் மார்சபிட் மலையில், ஓர் ஏரிக்கரையில் குடியமர்ந்து யானைகளைப் படமெடுத்தனர். கோடாக் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1926இல் அவர்களைத் தேடி அங்கே சென்றார். சில நாட்கள் வந்துபோவதற்கும் மூன்றாண்டு தங்கியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தம்பதியர் உலகுக்குக் காட்டினர்.

கென்ய அரசு 1977இல் வேட்டையைத் தடை செய்தது. தான்சானியாவில் குறிப்பிட்ட பகுதிகளில் உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கம் இன்றும் உண்டு. எனினும் அவ்விரு நாடுகளுக்கும் விலங்கு காணச் செல்வோரிற் பெரும்பாலோர் கையிலிருப்பது இன்று காமிராவே.

அவர்கள் செல்லும் இடங்களுள் தலைசிறந்தது தான்சானியாவின் செரங்கெட்டியும், அதனோடு வடக்கில் ஒட்டிக் கிடக்கும் கென்யாவின் மசாய் மாராவும் ஆகும். நாடுகள் இரண்டாயினும் நிலம் ஒன்றே. செரங்கெட்டி என்பது முடிவின்றி நீளும் நிலம் என்னும் பொருள்படும் மசாய்ச் சொல்லின் திரிபு. 1951இல் தேசியப் பூங்காவாக வகுக்கப்பட்ட அதன் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் இருபது மடங்கு. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த சமவெளியாதலின் நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும் விடியலில் குளிர் நடுக்கும். எங்கு நோக்கினும் புல்; ஆங்காங்கே குடைபோல் தலை விரித்த வேலமரம்; இடையிடையே பாறைக் குன்றுகள். மழைக்காட்டு நாட்டிலிருந்து செல்பவர்க்கு முதல்நாள் ஏற்படும் திகைப்பு விலங்கைக் கண்டன்று, வானத்தைக் கண்டே. தாமான் நெகாராவில் பத்தடி தொலைவில் நிற்கும் விலங்கும் இலைக்குள் மறைந்துவிடும். செரங்கெட்டியிலோ ஒரு கல் தொலைவில் நடக்கும் சிங்கமும் கண்ணுக்குப் புலப்படும்.

இந்நிலத்தில் படமெடுக்கச் செல்பவர் முதலில் கேட்கவேண்டுவது ‘என்ன காமிரா?’ என்பதன்று, ‘எந்த மாதம், எந்தப் பக்கம்?’ என்பதே. ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட் என்னும் மாட்டுமான்களும், 2 லட்சம் வரிக்குதிரைகளும், பல லட்சம் சிறுமான்களும் மழையைப் பின்பற்றி ஆண்டு முழுவதும் வலமாகச் சுற்றிவருகின்றன. சனவரி முதல் மார்ச்சு வரை அவை தெற்கே குறும்புல் வெளியில் இருக்கும். அண்மையிலுள்ள எரிமலைகள் பன்னெடுங்காலம் உமிழ்ந்த சாம்பல் படிந்த மண் அது. அங்கு முளைக்கும் புல்லில் சுண்ணமும் பாஸ்பரசும் மிகுதி. கன்றீன்ற தாய்க்கு அவையே வேண்டும். ஆதலின் பெரும்பாலான பசுக்கள் சில வாரங்களுக்குள் ஒருசேர ஈனுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும்; விரைவில் ஓடவும் செய்யும். தெற்கு வறண்டபின் கூட்டம் மேற்கும் வடக்குமாக நகர்ந்து, சூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும். நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மீண்டும் தெற்கு நோக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சியை விரும்பிப் பிப்ரவரியில் மாராவுக்குச் செல்பவர் ஆற்றை மட்டுமே படமெடுத்துத் திரும்புவார்.

இப்பெருங்கூட்டம் என்றும் இவ்வாறே இருந்தது என்று கருதுவதும் பிழை. 1890களில் மாட்டு வெக்கை நோய் ஆப்பிரிக்காவில் புகுந்து மந்தைகளையும் மாட்டின வனவிலங்குகளையும் ஒருங்கே அழித்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கில் மாட்டுமான்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்றே மேல். வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி இட்டதன் பயனாக நோய் அடங்கவே, 1977க்குள் அவை ஐந்து மடங்காகப் பெருகின. உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததென்று 2011இல் அறிவிக்கப்பட்டது. இன்று பயணி வியந்து எடுக்கும் படத்தின் பின்னால் மாட்டு மருத்துவர் ஒருவர் நிற்கிறார் எனின் மிகையாகாது.

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று தமிழிலக்கணம் வகுத்தது. விலங்கும் பறவையும் மரமும் அவற்றின்கண் அமையும் கருப்பொருள். இவ்வரிசையை மாற்றாமற் கொள்ளுமாறு படக்கலைஞர்க்கும் கூறலாம். பெரும்பொழுது மேலே கூறப்பட்டது. இனிச் சிறுபொழுது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஞாயிறு செங்குத்தாக விரைந்து ஏறுமாதலின் விடியற் செவ்வொளி நெடுநேரம் நில்லாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் இதனை நாடோறும் காண்கின்றனர். காலை ஆறரை மணிக்குத் தோன்றும் கதிர், எட்டரை மணிக்குள் மேலேறிக் கடுமையடைந்துவிடும். ஆகவே வைகறையில் தங்குமிடத்தை விட்டுப் புறப்பட்டு, ஒளி தாழ்ந்து பக்கவாட்டில் விழும் அவ்விரண்டு மணி நேரத்தைப் பயன்கொள்ள வேண்டும். அப்போது சிங்கத்தின் பிடரிமயிர் ஒவ்வொன்றும் தனித்தனி விளங்கும். கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்று மின்னும். அப்புள்ளியில்லாத படத்தில் உயிருள்ள விலங்கும் பாடம் செய்த விலங்குபோல் தோன்றும். எற்பாட்டிலும் இதே ஒளி மீண்டும் வரும்.

நண்பகலில் வேறோர் இடையூறு. வெயிலாற் சூடேறிய தரையிலிருந்து வெப்பக்காற்று எழும். அதன் அடர்த்தி இடத்துக்கிடம் வேறுபடுவதால் ஒளிக்கதிர் வளைந்து நடுங்கும். கானல் நீர் தோன்றுவதும் வெப்பக்காற்றில் ஒளி வளைவதாலேயே. இருநூறு மீட்டர் தொலைவிலுள்ள விலங்கை அப்போது எத்துணை விலையுயர்ந்த கருவியால் எடுத்தாலும் உருவம் நீரில் கரைந்ததுபோலவே வரும். பணத்தாற் தீராத குறை இது. நெருங்கியிருக்கும் விலங்கை எடுக்கலாம். அன்றேல் காமிராவை மூடிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்ட நீண்ட லென்ஸ் வேண்டும். 500 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ ஐந்து பாகைக் கோணத்தையே காணும். அது விலங்கைப் பெரிதாக்குவதுபோலவே கை நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடுகின்றது. பூங்காவில் வண்டியை விட்டு இறங்கக்கூடாதாகையால் முக்காலிக்கு இடமில்லை. வண்டியின் சன்னல் விளிம்பிலோ திறந்த கூரை விளிம்பிலோ அவரை நிரப்பிய துணிப்பையை வைத்து, லென்ஸை அதன்மேற் கிடத்துவதே வழக்கம். வெறும் பையைக் கொண்டுசென்று அங்கே சந்தையில் அவரையோ அரிசியோ வாங்கி நிரப்பிக்கொண்டு, திரும்பும்போது எவருக்கேனும் உணவுக்குக் கொடுத்துவிடுவர் பழகியவர். மலிவான இப்பை செய்யும் வேலையைப் பொன்னாற் செய்த கருவியும் செய்யாது. வண்டியின் எஞ்சினையும் நிறுத்தியாக வேண்டும். அதன் அதிர்வு ஒன்றே படத்தைக் கெடுக்கப் போதும். ஒரே வண்டியில் நால்வர் இருப்பின் ஒருவர் அசைவது மூவர் படத்தைக் குலைக்கும். நல்ல துணைவரைத் தேர்வது நல்ல லென்ஸைத் தேர்வதைக் காட்டிலும் கடினம் என்பது அனுபவசாலிகள் கருத்து.

ஓடும் விலங்கை நிறுத்திக் காட்ட வேண்டுமாயின் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விடவேண்டும். விடியலிலோ ஒளி குறைவு. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். காமிராவின் ஒளியுணர்வை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். இதற்கு மாறாக நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்துவைத்து, ஓடும் விலங்கோடு காமிராவையும் ஒரே வேகத்தில் திருப்பும் முறையும் உண்டு. தலை தெளிவாகவும், கால்களும் புல்லும் கோடுகளாகவும் அமைந்து ஓட்டமே கண்முன் நிற்கும். நூறு எடுத்தால் ஒன்று தேறும். முப்பத்தாறு படங்களே கொண்ட பிலிம் சுருளை வைத்துக்கொண்டு அந்நாளில் இதனை முயன்றவர் துணிவு பெரிது. இன்று ஒரு நொடியில் இருபது படங்கள் எடுக்கும் காமிராக்கள் வந்துவிட்டன.

இவையெல்லாம் கருவியின் செய்தி, நூல்களிற் கற்கலாம். நூலிற் கிடைக்காதது விலங்கின் மனம். வரிக்குதிரைகள் மேய்ச்சலை நிறுத்தி, காதுகளை முன்னே நீட்டி, எல்லாம் ஒரே திசையை நோக்குமாயின் அத்திசையில் கொடுவிலங்கு இருக்கின்றது. கழுகுகள் வட்டமிடுவது பொருளற்றதாகவும் இருக்கலாம். சிறகை ஒடுக்கி நேரே கீழிறங்கினால் அங்கே இரை கிடக்கின்றது. மரக்கிளையிலிருந்து தொங்குவது விழுதன்று, சிறுத்தையின் வால் என்று கண்டுகொள்ளப் பழக்கம் வேண்டும். பகலெல்லாம் உறங்கிய சிங்கங்கள் மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி விட்டு ஒன்றையொன்று நக்கத் தொடங்கினால் எழப்போகின்றன என்று பொருள். இவற்றைப் பயணிக்கு உணர்த்துபவர் அந்நாட்டு வழிகாட்டிகளே. சிறந்த படங்களின் கீழே அவர்கள் பெயர் அச்சாவது அரிது, அஃது அறமன்று.

அவ்வழிகாட்டிகளின் வாயிலாகப் பயணி கற்கும் பெயர்களும் சுவையானவை. வரிக்குதிரைக்குச் சுவாஹிலியில் ‘புண்டா மிலியா’ என்று பெயர். கோடுகளுடைய கழுதை என்பது பொருள். தமிழர் குதிரையாகக் கண்டதை அவர் கழுதையாகக் கண்டனர். விலங்கியலார் இரு சாராரையும் மறுக்கமாட்டார்; மூன்றும் ஒரே இனத்தைச் சார்ந்தவை. சிங்கத்துக்குச் ‘சிம்பா’ என்று பெயர். சிம்மம், மலாய் மொழியின் சிங்கா, சிங்கப்பூர் ஆகியவற்றோடு இதனை இணைத்துவிட எவருக்கும் ஆசை எழும். ஆயின் சிம்பா என்பது பாண்டு மொழிகளுக்குரிய சொந்த வேரிலிருந்து பிறந்ததென்பது மொழியறிஞர் முடிபு. ஒலியொப்புமை வேறு, உறவு வேறு.

படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காலையில் பயணி காணும் காட்சி இது: சிங்கங்கள் ஓர் இரையைத் தின்கின்றன, சற்றுத் தொலைவில் கழுதைப்புலிகள் வாயூறிக் காத்திருக்கின்றன. படத்தைக் காண்பவர், அரசன் உண்ட மிச்சிலுக்கு இரவலர் நிற்பதாகவே பொருள்கொள்வர். பள்ளிப் பாடங்களிலும் அவ்வாறே எழுதப்பட்டது. ஹான்ஸ் குரூக் என்னும் ஆராய்ச்சியாளர் 1960களில் செரங்கெட்டியிலும் அதனையடுத்த கொரொங்கோரோ எரிமலைக் குழியிலும் இரவெல்லாம் கழுதைப்புலிகளைப் பின்தொடர்ந்தார். அவை கூட்டமாக வேட்டையாடித் தம் உணவிற் பெரும்பகுதியைத் தாமே கொல்கின்றன என்பதையும், கொரொங்கோரோவில் சிங்கங்களே பலமுறை ஓசை கேட்டு வந்து அவ்விரையைப் பறித்துக்கொள்கின்றன என்பதையும் கண்டார். 1972இல் அவர் நூல் வெளிவந்தது. காலையில் எடுத்த படம் பொய்யன்று. இரவைக் காணாதவர் அதற்கு உரைத்த பொருளே பொய். மாரா ஆற்றுப் படங்களும் இத்தகையனவே. முதலை வாய் பிளக்கும் படமே எங்கும் அச்சாகின்றது. ஆனால் ஆண்டுதோறும் அவ்வாற்றில் சராசரி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாட்டுமான்கள் இறப்பது பெரும்பாலும் நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கியே. முதலைகள் உண்பது அதில் மிகச் சிறு பங்கு. வகுப்பறையில் விலங்குப் படத்தைத் தொங்கவிடும் ஆசிரியர், இஃது எந்தப் பொழுதில் எடுக்கப்பட்டது, இதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று மாணவரைக் கேட்பாராயின் அப்படம் பாடமாகும்.

துப்பாக்கி கொல்லும், காமிரா கொல்லாது என்று பலர் நிறைவடைகின்றனர். இதனை ஆராயாமல் ஏற்பதற்கில்லை. சீட்டா என்னும் சிவிங்கிப்புலி தரையில் ஓடும் விலங்குகளுள் விரைவு மிக்கது. ஆயின் வலிமை குன்றியது. சிங்கமும் கழுதைப்புலியும் உறங்கும் பகலில் வேட்டையாடுவதே அதன் பிழைப்பு வழி. பயணிகள் விழித்திருக்கும் நேரமும் அதுவே. சில நூறு மீட்டர் மட்டுமே அதனால் முழு வேகத்தில் ஓடவியலும். பதுங்கிச் செல்லும் வழியில் வண்டிகள் குறுக்கிட்டால் மான் ஓடிவிடும். தப்பித்தவறி இரை கிடைத்தாலும் இருபது வண்டிகள் சூழ்ந்து நின்றால் அது விரைந்து உண்ணாமல் அஞ்சி நோக்கிக்கொண்டிருக்கும். வண்டிக் கூட்டமே பகைவிலங்குக்கு அடையாளமும் ஆகிவிடும். மசாய் மாராவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2018இல் வெளிவந்தது. பயணிகள் குறைவாகச் செல்லும் பகுதியில் தாய்ச் சீட்டா ஓர் ஈற்றுக்குச் சராசரி 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. பயணிகள் மிகுந்த பகுதியிலோ 0.2. அஃதாவது, ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. அக்குட்டிகளை எவரும் சுடவில்லை. யாவரும் விரும்பிப் படமெடுத்தனர்.

இதனாலேயே ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது என்று மாராவில் விதித்துள்ளனர். விதி இருந்தும், ஆற்றங்கரையில் அதனை மீறுவோர் உண்டு. மாட்டுமான் கூட்டம் இறங்கலாமா வேண்டாமா என்று பல மணி நேரம் தயங்கி நிற்கும். முன்வரிசை இடம் பிடிக்க ஒரு வண்டி முந்திச் சென்று கரையில் நின்றால் கூட்டம் முழுவதும் திரும்பிவிடும். அன்றேல் செங்குத்தான வேறு கரையைத் தேடி இறங்கி மடியும். எல்லா விலங்குகளும் இறங்கித் தொடர் அறாமல் ஓடத் தொடங்கும்வரை வண்டிகள் தொலைவில் நிற்பதே முறை. காத்திருப்பவர்க்கே படமும் நன்றாக அமைகின்றது என்பதைப் பதைபதைப்பவர் உணர்வதில்லை. காண்டாமிருகத்தைப் படமெடுத்தவர் இன்னொன்றையும் கருதவேண்டும். இன்றைய காமிராக்களும் கைத்தொலைபேசிகளும் படத்தோடு இடக்குறிப்பையும் பதித்துவிடுகின்றன. கொம்புக்காக அவ்விலங்கைக் கொல்வோர்க்கு அக்குறிப்பே வழிகாட்டியாகக்கூடும். ஆதலின் அதனை நீக்கியபின்னரே பிறர்க்குக் காட்டுமாறு காப்பாளர் வேண்டுகின்றனர்.

இப்படங்களில் காணப்படாதவர் ஒருவர் உண்டு, அவர் மனிதர். செரங்கெட்டிப் படங்களைப் பார்ப்பவர் மனித அடி படாத கன்னி நிலம் என்றே அதனைக் கருதுவர். மசாய் மக்கள் தம் மாட்டு மந்தைகளுடன் அங்கே வாழ்ந்தனர். புல்லை எரித்தும் மேய்த்தும் அந்நிலத்தின் தோற்றத்தை ஆக்கியதில் ஆயர்களுக்கும் பங்குண்டு. 1959இல் அவர்கள் செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொரொங்கோரோப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்தில்தான் பெர்னார்டு கிர்சிமெக் என்னும் செருமானிய விலங்கியலார், தம் மகன் மைக்கேலுடன், வரிக்குதிரைபோல் கோடு தீட்டிய சிறு வானூர்தியிற் பறந்து விலங்குகளைக் கணக்கெடுத்தார். 1959 சனவரியில் கழுகு ஒன்று மோதி வானூர்தி வீழ்ந்தது; மைக்கேல் மாண்டார். தந்தையும் மகனும் எடுத்த ‘செரங்கெட்டி அழியக்கூடாது’ என்னும் சலனப்படம் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசு பெற்று, உலகமே அந்நிலத்தைக் காக்க முன்வரச் செய்தது. அது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் நீங்கினால்தான் விலங்கு வாழும் என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே பரவியது. அப்பூசல் ஓய்ந்துவிடவுமில்லை, 2022ஆம் ஆண்டு சூன் மாதத்தில் செரங்கெட்டியின் கிழக்கே லொலியொண்டோவில் எல்லைக்கல் நட வந்தபோது மசாய் மக்களுக்கும் காவலர்க்கும் மோதல் நிகழ்ந்தது. மாராவைச் சுற்றி 2000க்குப் பின் எழுந்த காப்பிடங்கள் வேறு வழியைக் காட்டுகின்றன. நிலத்துக்குரிய மசாய்க் குடும்பங்களுக்கு விடுதி நடத்துவோர் மாதந்தோறும் வாடகை தருகின்றனர். வண்டிகளின் எண்ணிக்கைக்கும் அங்கே வரம்புண்டு. குறையற்ற ஏற்பாடு என்று கூறுவதற்கில்லை. ஆனால் நிலத்துக்குடையவர் நிலத்திலிருந்தே பயன்பெறுகின்றனர்.

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் விலங்குப் படப் போட்டியில் 2014ஆம் ஆண்டின் தலைப்பரிசு மைக்கேல் நிக்கோல்ஸ் என்னும் அமெரிக்கர்க்குக் கிடைத்தது. செரங்கெட்டியில் ‘வூம்பி’ என்று பெயரிடப்பட்ட ஒரு சிங்கக் கூட்டத்தை அவர் பல மாதங்கள் பின்தொடர்ந்தார். சுவாஹிலியில் வூம்பி என்றால் புழுதி. பரிசு பெற்ற படத்தில் பாய்ச்சலும் இல்லை, இரத்தமும் இல்லை. ஐந்து பெண்சிங்கங்கள் தம் குட்டிகளுடன் ஒரு பாறைமேற் படுத்துறங்குகின்றன. பின்னால் புல்வெளியும் மேகங்களும் விரிந்து கிடக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்திக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படமாதலின் பழைய கல்லோவியம்போல் தோன்றுகின்றது. அதற்குச் சற்றுமுன்தான் அப்பெண்சிங்கங்கள் தம் கூட்டத்து ஆண்சிங்கங்களுள் ஒன்றை எதிர்த்து விரட்டியிருந்தன. பல மாதங்கள் உடனிருந்த வண்டியைக் கண்டு அவை கண் திறக்கவும் இல்லை. ‘கடைசிப் பெரும்படம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். சில மாதங்களுக்குப்பின், அக்கூட்டம் பூங்காவின் எல்லையைத் தாண்டிச் சென்றதென்றும், அப்பெண்சிங்கங்களுள் மூன்று கொல்லப்பட்டன என்றும் நிக்கோல்ஸுக்குச் செய்தி வந்தது.